எல்லாக் கல்யாணமும் ஒரே கல்யாணமாகத் தெரிகிறது: சொந்தப் புராஜெக்ட் செய்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

மன்னை_நிழல்
19 ஜூலை, இரவு 11:42

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியில் 13 வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன். ஆடி பிறந்துவிட்டது, கேமரா பையிலேயே கிடக்கிறது. ஆனியில் கடைசி முகூர்த்தம் முடிந்த மறுநாள் நடந்த ஒன்று மனதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மெமரி கார்டிலிருந்து படங்களை இறக்கிவிட்டுத் தாலி கட்டும் படத்தைத் திறந்தேன். பார்த்ததும் போன வருடம் எடுத்த வேறொரு கல்யாணம் என்று நினைத்து, ஃபோல்டர் மாறிவிட்டது போல என்று மூடிவிட்டேன். திரும்பத் தேடி, மாப்பிள்ளை முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் இது நேற்றைய படம் என்று உறைத்தது. மேடைக்கு இடப்பக்கம் அதே ஸ்டூல், அதே 24-70 லென்ஸ், ஃபிளாஷும் அதே இடத்தில். கெட்டிமேளம் கேட்டதும் கை தானாக எடுத்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை.

பெண் வீட்டார் ஒரு குறையும் சொல்லவில்லை. பேலன்ஸும் வந்துவிட்டது. எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

பார்ட்டிக்காக (காசு கொடுத்து எடுக்கச் சொல்கிறவர்களுக்காக) இல்லாமல் எனக்காக ஏதாவது எடுத்தால் இது மாறுமா? காசிக்குப் பத்து நாள் போய்ப் படித்துறைகளை எடுத்து வரலாம் என்று யோசனை. இப்படிச் சொந்தமாகப் புராஜெக்ட் செய்தவர்கள் இங்கே இருந்தால், அது உங்கள் வேலையை உண்மையிலேயே மாற்றியதா என்று சொல்லுங்கள். பொதுவான ஊக்கப் பேச்சு வேண்டாம். என்ன செய்தீர்கள், என்ன மாறியது, அது மட்டும் போதும்.

---

உடுமலைக்காற்று
20 ஜூலை, காலை 7:15

அண்ணா, நானும் கல்யாணக்காரன்தான். உடுமலைப்பேட்டை. ஆறு ஆடியாக ஒரே விஷயத்தை எடுக்கிறேன்: காற்று.

எங்கள் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கையில் வேலை இல்லை, வெளியே காற்று மட்டும்தான் இருந்தது. அப்படித்தான் தொடங்கியது.

முதல் வருடம் காற்றாலைகளை எடுத்தேன். கிட்டத்தட்ட நானூறு படம். எல்லாம் கூர்மையாக, வானம் நீலமாக, காலண்டருக்கு ஏற்ற மாதிரி வந்தன. மாதக் கடைசியில் அம்மாவிடம் காட்டினேன். "காத்தாடி நிக்குதே, கரண்ட் இல்லையா?" என்று கேட்டார். 1/1000 ஷட்டர் வேகத்தில் எடுத்தால் இறக்கை நிற்கத்தானே செய்யும். காற்றைப் பற்றி எடுத்த நானூறு படத்தில் காற்றே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாம் வருடம் என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி) வாங்கி, டிரைபாட் போட்டு, 1/8, 1/4 என்று இறங்கினேன். இப்போது அசைவு வந்தது. தென்னை ஓலை பச்சைப் புகை மாதிரி ஆனது. ஆனால் அது ஒரு வித்தை மட்டும்தான். பத்துப் படத்துக்கு மேல் எனக்கே அலுத்துவிட்டது.

மூன்றாம் வருடம்தான் கண் திறந்தது. டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் அடுப்பைச் சுற்றி எண்ணெய் டின் தகரத்தை விரித்து மறைப்பு வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக் கதவுக்கு அம்மிக்குழவியை அண்டக் கொடுத்திருந்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற அக்கா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். காற்றுக்காக மனிதர்கள் செய்து வைத்திருக்கிற ஏற்பாடுகளில் காற்று நன்றாகவே தெரிந்தது. அந்த வருடம் மொத்தம் 40 படம்தான் எடுத்தேன். இன்றும் என்னிடம் இருப்பவற்றில் நல்லவை அவைதான். மறுபடி சாதாரண ஷட்டருக்கே வந்துவிட்டேன், ஃபில்டர் பீரோவில் இருக்கிறது.

கல்யாண வேலையில் என்ன மாறியது என்று கேட்டீர்கள். அட்சதை போடும்போது முன்பெல்லாம் 1/250, ஃபிளாஷ். அரிசி அந்தரத்தில் முத்து முத்தாக நிற்கும். இப்போது தம்பி ஒருவன் இன்னொரு கேமராவில் அதைப் பத்திரமாக எடுத்துவிடுவான், நான் 1/15-இல் எடுப்பேன். பொண்ணு மாப்பிள்ளை அசையாமல் இருப்பார்கள், சுற்றி எல்லாம் கோடாகப் பொழியும். பார்ட்டி கேட்டு வாங்குகிற படம் இப்போது அதுதான். ஆனால் இதைவிட முக்கியமான மாற்றம் வேறு. மண்டபத்துக்குள் போனதும் என் கண் மேடைக்குப் போவதில்லை. இந்தக் கல்யாணத்துக்காக யார் எதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடுகிறது. அது டீக்கடைத் தகரம் கற்றுக்கொடுத்தது.

காசி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து நாளில் உங்களுக்குக் கிடைப்பது என் முதல் வருடத்து நானூறு படம்தான். மூன்றாம் வருடம் கிடைக்காது.

---

தறிக்கால்
20 ஜூலை, காலை 10:03

சொல்றது நல்லா இருக்கு தம்பி. ஆனா ஒரு நிஜத்தையும் பேசணும்.

நான் சேலம். கேமரா பாடி, ரெண்டு லென்ஸ் மேல இ.எம்.ஐ. போகுது. வைகாசி, ஆனி எடிட்டிங் இன்னும் முடியல, ஆல்பம் டிசைனர் ஒரு பக்கம், பார்ட்டி ஒரு பக்கம் போன் பண்றாங்க. ரெண்டு புள்ளைங்க படிக்குது. ஆடியிலயும் காதுகுத்து, ஸ்கூல் குரூப் போட்டோன்னு எது வந்தாலும் ஓடுறேன். இதுல யாருக்கும் வேண்டாத படத்தை எப்ப எடுக்கிறது?

குறை சொல்லல. மன்னை சொன்ன அந்த ஃபோல்டர் கதை எனக்கும் நடந்திருக்கு. ஆனா அதுக்கு மருந்து ஓய்வுன்னு நினைக்கிறேன். இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக்கிறது எப்படி மருந்தாகும்?

---

இருட்டறை
20 ஜூலை, மாலை 6:30

தறிக்கால் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நானும் 1984-இலிருந்து மதுரையில் ஸ்டூடியோ நடத்துகிறேன், அந்தக் கஷ்டம் தெரியும்.

எங்கள் காலத்தில் பாஸ்போர்ட் சைஸ் நெகட்டிவ் மேல் பென்சில் வைத்துப் பருவை, சுருக்கத்தை மறைப்பது தினசரி வேலை. அதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் என்ற புகைப்படக்காரரும் இதையேதான் செய்துகொண்டிருந்தார். கலிஃபோர்னியாவில் கார்மெல் என்ற ஊரில் போர்ட்ரெய்ட் ஸ்டூடியோ, அதுதான் சோறு. முகத்தை வழுவழுப்பாக்கிக் கொடுக்க வேண்டும், அது அவருக்கு வெறுப்பு. அதே ஆள் 1930-இல் குடைமிளகாய்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. துணியில் வைத்தார், வெறும் பின்னணியில் வைத்தார், முப்பது நெகட்டிவாவது எடுத்திருப்பார். கடைசியில் ஒரு தகரப் புனலைப் படுக்க வைத்து அதன் வாய்க்குள் காயை வைத்தார். புனலின் உள்சுவரில் பட்டு வெளிச்சம் நாலாபுறமும் திரும்பி வந்தது. பல நிமிட எக்ஸ்போஷர். 'மிளகாய் எண் 30' என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிற படம் அதுதான்.

தறிக்கால் தம்பிக்கு நான் சொல்ல வருவது இதற்கு அடுத்தது. சில வருடத்தில் அதே வெஸ்டன் தன் ஸ்டூடியோவில் 'ரீடச் செய்யாத போர்ட்ரெய்ட்' என்று அறிவிப்பு வைத்தே தொழில் செய்தார். மிளகாய்த் தோலின் ஒவ்வொரு மடிப்பையும் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தவருக்கு, மனித முகத்தின் மடிப்பைப் பென்சிலால் அழிக்க மனம் வந்திருக்காது. அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். 1937-இல், கலைஞர்களுக்குக் கொடுக்கப்படும் குகன்ஹைம் நிதியுதவி பெற்ற முதல் புகைப்படக்காரரும் அவர்தான்.

ஓய்வு வேண்டும், மறுக்கவில்லை தம்பி. ஆனால் ஓய்வு எடுத்துவிட்டு வந்தாலும் கை அதே ஸ்டூல் மேல்தானே ஏறுகிறது?

---

கண்ணாடி_ஓடு
21 ஜூலை, மதியம் 2:20

நான் பிறந்த குழந்தைகளை எடுக்கிறவள். காரைக்குடிப் பக்கம். ஊர் சுற்ற எனக்கு வழி இல்லை, மகளுக்கு அப்போது இரண்டு வயது. அதனால் என் புராஜெக்ட் ஒரு அறைக்குள்ளேயே நடந்தது.

அப்பத்தா வீட்டு அடுக்களை ஓட்டுக்கூரை. இரண்டு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அதன் வழியாக விழுகிற வெளிச்சத் துண்டைத்தான் ஒன்றரை வருடம் எடுத்தேன். கேமரா நிற்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டேன். ஒரே 35 எம்எம் லென்ஸ். ஃபிளாஷ் கிடையாது, ரிஃப்ளெக்டர் கிடையாது.

சித்திரையில் உச்சிவேளையில் அந்தத் துண்டு நேராக ஓட்டுக்குக் கீழேயே விழும். மார்கழியில் அதே நேரத்தில் வடக்குச் சுவர் பக்கம் ஏழெட்டு அடி தள்ளிப்போய் அரிசிப் பானை மேல் ஏறிவிடும். ஆனியில் கொஞ்சம் தெற்கே வரும். சூரியன் நகர்வதைப் பள்ளியில் படித்திருக்கிறேன், ஆனால் அப்பத்தாவின் அரிசிப் பானையில் பார்த்த பிறகுதான் உடம்புக்குத் தெரிந்தது. அடுப்பு எரியும்போது புகையில் வெளிச்சம் தூண் மாதிரி நிற்கும். அப்பத்தா அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது வெளிச்சம் அவர் மேல் நேராகப் படாது. சிவப்பு சிமென்ட் தரையில் பட்டு, கீழிருந்து முகத்துக்கு வரும். அந்த நிறத்தை நான் எந்த சாஃப்ட்பாக்ஸிலும் பார்த்ததில்லை.

இப்போது குழந்தை எடுக்கப் போகும் வீட்டில் முதலில் பத்து நிமிடம் சும்மா நடப்பேன். எந்த ஜன்னல், தரை என்ன நிறம், எதிர்ச் சுவர் என்ன நிறம். தேவைப்பட்டால் அந்த வீட்டு வேட்டி ஒன்றை வாங்கி ஜன்னலில் கட்டிக்கொள்வேன். குழந்தை கண் கூசாது. லைட் ஸ்டாண்டு காரிலிருந்து இறங்கி மூன்று வருடம் ஆகிறது.

அப்பத்தா போன தையில் இறந்துவிட்டார். படங்கள் இருக்கின்றன.

---

இருட்டறை
21 ஜூலை, மாலை 5:10

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ப்ராக் நகரத்தில் யோசெஃப் சூடெக் என்று ஒருவர் இருந்தார். முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர். புத்தகம் பைண்டிங் செய்கிற தொழில் போய்விட்டது, ஒற்றைக் கையோடு பெரிய கேமராக்களைத் தூக்கிக்கொண்டு புகைப்படக்காரர் ஆனார். ஜெர்மானியர் நகரத்தைப் பிடித்திருந்த காலத்தில், 1940-இல் தன் ஸ்டூடியோ ஜன்னலை எடுக்கத் தொடங்கி 1954 வரை எடுத்தார். பனி படிந்த கண்ணாடி, ஓரத்தில் ஒரு டம்ளர், வெளியே வளைந்த ஒரு மரம். பதினான்கு வருடம் ஒரே ஜன்னல். உங்கள் சாக்பீஸ் குறி அந்த வரிசையைச் சேர்ந்தது.

---

நெல்லை_ஷட்டர்
22 ஜூலை, காலை 9:48

தினம் ஒரு படம், 365 நாள் என்று தொடங்கி 112-ஆம் நாளில் நிறுத்தினேன். ஏன் என்று சொல்கிறேன், மன்னை அண்ணனுக்கு உதவும்.

முதல் மாதம் நன்றாகப் போனது. அப்புறம் இரவு பதினொன்றரைக்குத்தான் ஞாபகம் வரும். மேசை மேல் இருக்கிற சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, காபி டம்ளர். நாளை நிரப்புவதற்காகப் படம். 112 படத்தையும் வரிசையாகப் பார்த்தபோது அதில் ஒரு கேள்வியும் இல்லை. ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன், எதற்குள்ளும் இரண்டாவது அடி வைக்கவில்லை.

ஆனால் அதில் 9 படம் மட்டும் ஒரே மாதிரி இருந்தன. வேறு வேறு நாட்களில், யோசிக்காமலேயே, யாராவது காத்துக்கொண்டிருப்பதை எடுத்திருக்கிறேன். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி பெஞ்ச், பஸ் ஸ்டாண்டு. அந்த 9-ஐத் தனியாக எடுத்து வைத்துத்தான் இப்போது செய்கிற புராஜெக்ட் பிறந்தது. அதனால் 365 வீண் என்று சொல்லமாட்டேன். தலைப்பு கிடைக்காதவர்கள் தங்கள் பழைய ஹார்டு டிஸ்கைத் திறந்து, யாரும் கேட்காமல் திரும்பத் திரும்ப எதை எடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். உங்கள் தலைப்பு அங்கேயே இருக்கும்.

---

கிடுகுவேலி
22 ஜூலை, இரவு 8:05

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். சாமத்தியவீடு (மஞ்சள் நீராட்டு விழா), கலியாணம் எடுக்கிறதுதான் தொழில். 2016-இல தொடங்கி எங்கட ஊர் ஒழுங்கையளில இருக்கிற கிடுகு (பின்னின தென்னோலை) வேலியளை எடுத்துக்கொண்டு வாறன். சைக்கிளில போவன், ஒரு கமெரா, ஒரு லென்ஸ்.

அந்த வேலியள் வேகமா இல்லாமப் போகுது. மதில் வருது, இல்லாட்டி தகரம் வருது. பூவரசங் கதியாலும், கிளுவையும், பனைமட்டை வரிச்சும் இருந்த இடத்தில சீமெந்துக் கல்லு. அதால முதல் ரெண்டு வருசம் நான் எடுத்ததெல்லாம் பழசு பழசெண்டு துக்கம் கொண்டாடின படங்கள். கறுப்பு வெள்ளை, சாயங்கால வெயில், மூடின படலை. வடிவாத்தான் இருந்தது.

ஒருநாள் ஒரு வீட்டு அம்மா கேட்டா: "தம்பி, வேலியை இவ்வளவு நாளா எடுக்கிறீர், வேலி அடைக்கிற ஆளை ஒருநாளும் எடுக்கேல்லையே?" எனக்கு நெஞ்சில இடிச்சமாதிரி இருந்தது. அதுக்குப் பிறகு வேலி அடைக்கிற ஆக்களைத் தேடிப் போனன். பழைய கிடுகைக் கழட்டேக்க ரெண்டு வளவும் ஒண்டாத் தெரியும். உள்ளுக்கும் வெளியுக்கும் நிண்டுகொண்டு அயல் சனம் கதைக்கிற நேரம் அதுதான். அந்த ஒரு மணித்தியாலம்தான் இப்ப என்ர புராஜெக்ட். கறுப்பு வெள்ளையை விட்டிட்டன், ஏனெண்டா புதுக் கிடுகின்ர நிறம் தேவைப்பட்டது.

மன்னை அண்ணை, ஒண்டை மட்டும் சொல்லுறன். என்னத்தை எடுக்கிறமெண்டு முதல் வருசம் எங்களுக்கே தெரியாது. போய்க்கொண்டே இருந்தால் ஆரோ ஒருத்தர் வந்து சொல்லுவினம்.

---

தறிக்கால்
22 ஜூலை, இரவு 10:31

எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். எனக்கு இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, இதெல்லாம் எப்ப முடியும்? காற்று ஆறு வருஷம், வேலி 2016-ல இருந்து. முடிவே இல்லாத வேலையா? ரெண்டு, மத்தவங்க வீட்டு வாசல்லயும் ரேஷன் கடையிலயும் நின்னு நம்ம வளர்ச்சிக்காகப் படம் எடுக்கிறது சரியா? அவங்களுக்கு என்ன கிடைக்குது?

---

உடுமலைக்காற்று
23 ஜூலை, காலை 7:40

முதல் சந்தேகம் எனக்கும் உண்டு அண்ணா. முடிக்கத் தெரியாமல் போவதும் ஆபத்துதான். 1955-இல் யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரை பிட்ஸ்பர்க் நகரத்துக்கு மூன்று வார வேலையாக அனுப்பினார்கள். தேவைப்பட்டது 100 படம். அவர் நகரம் முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்று இறங்கி, சுமார் 17,000 நெகட்டிவ் எடுத்தார். வருடங்கள் ஓடின, குடும்பமும் பணமும் நொறுங்கின. தான் நினைத்த வடிவில் அதை அவரால் கடைசிவரை முடிக்கவே முடியவில்லை. அந்தப் படங்களைப் பார்த்தால் கண் கலங்கும், அவ்வளவு பலம். ஆனாலும் அந்தக் கதை எனக்கு ஓர் எச்சரிக்கை. அதனால்தான் ஒவ்வொரு ஆடி 30-ஆம் தேதியும் நிறுத்திவிடுகிறேன். ஆவணியில் பத்துப் படம் பிரிண்ட் போடுவேன். அடுத்த ஆடி வரை அதைத் தொடமாட்டேன்.

---

கண்ணாடி_ஓடு
23 ஜூலை, மதியம் 1:15

இரண்டாவது சந்தேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது என்னை ரொம்ப நாள் உறுத்திய விஷயம்.

வறுமையைத் தேடிப் போய் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது எனக்கும் பிடிக்காது. அப்படி எடுத்தால் எடுத்தவருக்கும் ஒன்றும் வளராது, ஏனென்றால் ஒரே ஒரு முறைதான் அங்கே போகிறோம். புகைப்படக்காரர் எம். பழனி குமாரின் படங்களை, கிராமப்புற வாழ்க்கையைப் பதிவு செய்கிற பாரி (PARI) இணையதளத்தில் பாருங்கள். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையையும் மலக்குழி மரணங்களையும் பல வருடமாகப் பின்தொடர்ந்து எடுப்பவர். அதே கேமராவோடு, மதுரையில் மீன் விற்கிற தன் அம்மாவையும் எடுத்திருக்கிறார். அந்த இரண்டிலும் பார்வையின் உயரம் ஒன்றுதான். அம்மாவைப் பார்க்கிற அதே கண்ணோடு மற்றவர்களையும் பார்க்கிறார்.

நான் வைத்திருக்கும் வழக்கம் சின்னது. எடுத்தவருக்கு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுக்காமல் அடுத்த படம் எடுப்பதில்லை. போனில் அனுப்புவது கணக்கில் சேராது, கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போகும்போதுதான் அடுத்த வாசல் திறக்கிறது. அவர் வேண்டாம் என்றால் அந்தப் படம் வெளியே போகாது.

---

இருட்டறை
23 ஜூலை, இரவு 9:00

தறிக்கால் தம்பிக்கு நேரம் இல்லை என்பதையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் நிக்கலஸ் நிக்சன் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975-இலிருந்து வருடத்துக்கு ஒரு படம் என்று எடுத்தார். இடமிருந்து வலமாக எப்போதும் அதே வரிசை. 8x10 பெரிய கேமரா, கறுப்பு வெள்ளை. 2014-இல் 40 படம் சேர்ந்தபோது நியூயார்க்கில் நவீன கலை அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொரு படமும் சாதாரணக் குடும்ப குரூப் மாதிரிதான். நாற்பதையும் பார்த்துக்கொண்டே நடந்தால் காலம் ஆளின் மேல் கை வைப்பது தெரியும். வருடத்துக்கு ஒரு பிற்பகல். அதற்கு இ.எம்.ஐ. தடையாகாது.

இன்னொன்று எல்லோருக்கும். எடுப்பது பாதி வேலை. திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். 4x6 பிரிண்ட் போட்டு, வீட்டுக் கூடத்தில் பரப்பி வைத்து, மேலே ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இடம் மாற்றி இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு படத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் முதலாவதற்கு அர்த்தம் மாறும். இந்தியப் புகைப்படக்காரர் தயானிதா சிங் இதையே தன் கலையாக ஆக்கிக்கொண்டவர். மரச் சட்டங்கள் செய்து, பல பத்து வருடம் எடுத்த படங்களை அதில் மாற்றி மாற்றி அடுக்குகிறார், அதற்கு 'மியூசியம் பவன்' என்று பெயர். 2022-இல் புகைப்படக் கலைக்கான ஹாசல்பிளாட் விருது அவருக்குத்தான் கிடைத்தது. நம் கல்யாண ஆல்பத்தில் நாம் அடுக்குவது கிடையாது, சடங்கே அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. அதனால் அந்தத் தசை நமக்கு வளராமலே போய்விட்டது.

---

தறிக்கால்
24 ஜூலை, காலை 6:50

பொங்கலுக்கு அக்காங்க மூணு பேரும் வீட்டுக்கு வருவாங்க. கிணத்தடியில நிக்க வெச்சு ஒண்ணு எடுக்கலாம். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

---

மன்னை_நிழல்
24 ஜூலை, இரவு 11:20

எல்லோருக்கும் நன்றி. நெல்லைத் தம்பி சொன்ன மாதிரி இரண்டு நாளாகப் பழைய டிஸ்குகளைத் திறந்து பார்த்தேன். 13 வருடத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு கல்யாணத்திலும் கடைசியில் ஒன்றிரண்டு படம் இருக்கிறது, ஆல்பத்துக்குப் போகாதவை. வெற்று நாற்காலி, வாடின வாழைமரம், மேடைப் பூவைப் பிய்க்கிற பையன். பேக் பண்ணும்போது எடுத்திருக்கிறேன். எடுத்ததே ஞாபகம் இல்லை.

காசி வேண்டாம். மண்டபம் காலியாகிற நேரத்தை எடுக்கப் போகிறேன். ஆவணியில் தொடங்குகிறேன்.

---

கண்ணாடி_ஓடு
25 ஜூலை, காலை 8:30

நல்ல இடம் அண்ணா. ஒரே ஒரு வேண்டுகோள்: பார்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். காசு வாங்கிக்கொண்டு போன வீட்டில், அவர்கள் களைத்து உட்கார்ந்திருக்கும் நேரம் அது.

---

மன்னை_நிழல்
23 நவம்பர், இரவு 10:55

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆவணியிலும் ஐப்பசியிலும், கார்த்திகை பிறந்த பிறகும் சேர்த்து 11 கல்யாணம். ஏழு வீட்டில் சம்மதித்தார்கள், நான்கு வீட்டில் வேண்டாம் என்றார்கள், அங்கே கேமராவைப் பையில் வைத்துவிட்டேன். விதி இதுதான்: வேலை முடிந்ததும் ஃபிளாஷைக் கழற்றி வண்டியில் வைத்துவிடுவேன். ஒரே 35. சாவி ஒப்படைக்கும் வரை ஒரு மணி நேரம். யாரையும் நிற்கச் சொல்வதில்லை.

முதல் மூன்று மண்டபத்தில் உடுமலைத் தம்பியின் காற்றாலைதான் எடுத்தேன்: மேலிருந்து பூக்குப்பை, அடுக்கின நாற்காலி. நான்காவதில் சாப்பாட்டுக் கூடத்தில் வாழையிலை விரித்த மேசைக்குப் பக்கத்தில் பெண்ணின் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். மொய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் இன்னும் சந்தன வில்லை இருந்தது. காலையிலிருந்து அவரை நான் இருபது முறையாவது எடுத்திருப்பேன், ஒன்றில்கூட அவர் இல்லை. இப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். என்னைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்றார். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

அதற்குப் பிறகு சமையற்கட்டுப் பக்கம் போக ஆரம்பித்தேன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் மூன்று பெண்கள் எந்த மண்டபத்திலும் எனக்கு எதிர்ப்படுகிறார்கள், ஒரே காண்டிராக்டரிடம் வேலை. 13 வருடத்தில் அவர்கள் முகம் எனக்குத் தெரியாது.

போன வாரம் நடந்த கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டிமேளம் கேட்டது. ஸ்டூல் மேல் அசிஸ்டென்ட் நின்றான். நான் கீழே, இரண்டாவது வரிசையில், பெண்ணின் அப்பாவுக்குப் பக்கவாட்டில் நின்றேன். தாலி கட்டுவதை அவர் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, அட்சதை இருந்த கையை மூடியபடியே நின்றார், போட மறந்துவிட்டார். அந்தப் படத்தை ஆல்பத்தில் முழுப் பக்கமாக வைத்திருக்கிறேன். வேறெந்தக் கல்யாணத்தோடும் எனக்கு அது குழம்பாது.

இருட்டறை சார் சொன்னபடி பிரிண்ட் போட்டுக் கூடத்தில் பரப்பி 14 படமாகக் குறைத்திருக்கிறேன், கீழே போட்டிருக்கிறேன். வரிசையில் ஏதோ இடறுகிறது. எதை எடுத்துவிடலாம்?

---

இருட்டறை
24 நவம்பர், மாலை 6:45

தம்பி, 4-ஆவது படத்தில் மொய் நோட்டு, 11-இல் அந்த அம்மாவின் நனைந்த கை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இடறுவது 9. மேலிருந்து எடுத்த பூக்குப்பை. நிறமும் அமைப்பும் பதினான்கிலும் அதுதான் மிக அழகு. ஆனால் அந்த மண்டபத்துக்குள் போவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்த படம் அது. 8-இல் பந்தல் கழற்றுகிற பையன் ஏணியில் நிற்கிறான், 10-இல் அந்த மூன்று பெண்கள். இடையில் பூவை வைத்தால் நாம் ஆட்களை விட்டு விலகிவிடுகிறோம். எடுத்துவிட்டு 8-ஐயும் 10-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏணிக்காரன் கீழே பார்க்கிற பார்வை நேராக அந்தப் பெண்களிடம் வந்து விழும்.

---

தறிக்கால்
24 நவம்பர், இரவு 9:12

11-ஆவது படத்தை வீட்டுக்காரம்மாகிட்ட காட்டினேன். அவங்க அம்மாவும் மண்டபத்துல வேலை பார்த்தவங்க. ரொம்ப நேரம் போனைத் திருப்பிக் கொடுக்கல.

---

மன்னை_நிழல்
25 நவம்பர், இரவு 11:05

9-ஐ எடுத்துவிட்டேன் சார். 8-உம் 10-உம் இப்போது கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நீங்கள் சொன்னது போலவே ஆகிறது.

தறிக்கால் அண்ணா, 11-இல் இருக்கிற அம்மாவுக்கு 8x12 பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை அவர்களுக்கு நீடாமங்கலத்தில் வேலை. எனக்கு அங்கே ஆர்டர் இல்லை. ஆனாலும் இரண்டு மணிக்குமேல் சமையற்கட்டுப் பக்கம் வரச் சொல்லியிருக்கிறார்.